எந்த லைட்டில் பார்த்தீங்க?

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் எனக்கு வேலை. வெளிநாட்டு பையர் அனுப்பும் துண்டுத் துணியின் நிறத்தை அப்படியே கொண்டுவருவதுதான் பிழைப்பு. லேப் டிப், அதாவது சின்னத் துண்டில் மாதிரிச் சாயம் போட்டு, காய வைத்து, லைட் பாக்ஸுக்குள் இரண்டு துண்டையும் ஒட்டி வைத்துப் பார்ப்போம். டி65 என்கிற பகல் வெளிச்சத்தில் அச்சு அசலாக ஒத்துப்போன ஷேடு, சுவிட்சைத் தட்டி டிஎல்84 என்கிற கடை வெளிச்சத்துக்கு மாற்றியதும் ஒன்று பச்சையடிக்கும், ஒன்று சிவப்படிக்கும். மெட்டாமெரிசம் என்று அதற்குப் பெயர். அதனால் புதிதாகச் சேர்ந்த பையன் யாராவது "மேட்ச் ஆயிருச்சுங்ணா" என்று ஓடி வந்தால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த லைட்டில் பார்த்தீங்க?"

பட்டறையில் ஒரு நாளைக்குப் பத்து தடவை கேட்கிற இந்தக் கேள்வியை, வீட்டில் கேட்கத் தோன்றுவதற்கு எனக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது.

மகனுக்கு இப்போது பதினோரு வயது. ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது புகார்கள் ஆரம்பித்தன. உட்கார மாட்டேன் என்கிறான், எழுத மாட்டேன் என்கிறான், வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவன் மேல் சாய்கிறான். வீட்டில் நாங்கள் பார்த்தது வேறு மாதிரி. தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்கு வெளியே பாதி போகும். சட்டைப் பட்டனோடு பத்து நிமிஷம் மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் சட்டையையே பிய்த்து எறிவான். பந்தைப் போட்டால் கையை நீட்டுவான், பந்து நெஞ்சில் பட்டு விழுந்த பிறகு கை மூடும். எழுத்து, ஈசல் பறக்கிற மாதிரி கோட்டுக்கு மேலும் கீழும் போகும்.

இதற்கெல்லாம் அம்மாவிடம் ஒரே பதில்தான். "என்ற பேரனுக்கு என்ன கொறை? அவங்கப்பனும் இந்த வயசுல இப்படித்தான்." அதில் உண்மை இருந்தது. நான் சைக்கிள் ஓட்டக் கற்றது பதின்மூன்று வயதில். இந்த மாதிரிச் சிக்கல்கள் குடும்பத்தில் தொடர்ந்து வரும் என்று பிற்பாடு டாக்டர் சொன்னபோது அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

குறையே இல்லை என்று சொன்ன அதே அம்மாதான் முதல் வைத்தியத்துக்கும் கிளப்பினார். சென்னிமலைப் பக்கம் தொக்கம் எடுக்கும் ஒரு பாட்டி. ஈரோட்டு, கோயமுத்தூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: பிள்ளை சாப்பிட்டது எதுவோ வயிற்றில் சிக்கிக்கொண்டது, அதனால்தான் மெலிகிறது, சிணுங்குகிறது என்பார்கள். அந்தப் பாட்டி வயிற்றைத் தடவி, வாய் வைத்து உறிஞ்சி, பஞ்சு மாதிரி எதையோ உள்ளங்கையில் துப்பிக் காட்டினார். அன்று ராத்திரி மகன் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினான். பலித்துவிட்டது என்று அம்மாவுக்குச் சந்தோஷம். காலையிலிருந்து மூன்று பஸ் மாறியவன் வேறு எப்படித் தூங்குவான் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. நானும் சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் சிவன்மலைக்கு வேண்டுதல். அங்கே பக்தர் கனவில் வந்து ஆண்டவன் உத்தரவிட்ட பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள் இல்லையா, அந்தப் பெட்டியை விட்டு வரமாட்டேன் என்று மகன் அரை மணி நேரம் அசையாமல் நின்றான். கவனம் இல்லாத பையன் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. இதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு "வாடா, பஸ்ஸு போயிரும்" என்று இழுத்துக்கொண்டு வந்தேன்.

வல்லாரை வந்தது. துவையலாக, தோசையில் அரைத்து, கடைசியில் மாத்திரையாக. கீரையாகச் சாப்பிடுவதில் யாருக்கு என்ன நஷ்டம், இன்றும் சாப்பிடுகிறோம். ஆனால் ஒறம்பரை (சொந்தக்காரர்) ஒருவர் வழியாக, வெளியூர் வைத்தியர் கொடுத்ததாக ஒரு சின்ன டப்பாவில் கறுப்புப் பொடி வந்தது. ஞாபக சக்திக்காம். மேலே பேரும் இல்லை, ஊரும் இல்லை. லேபிள் இல்லாத எதையும் எங்கள் லேபுக்குள் விடமாட்டோம், பிள்ளை வாய்க்குள் எப்படி விடுவது? அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதித்து 2004-ல் ஒரு மருத்துவ இதழில் போட்டிருந்தார்கள். அவற்றில் 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் குழந்தையின் மூளைக்கு என்ன செய்யும் என்று கெமிஸ்ட்ரி படித்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கவனம் வரவேண்டும் என்று கொடுத்து, இருக்கிற கவனத்தையும் கெடுத்துவிடும். பொடி, வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் குழிக்குள் போனது. ஒறம்பரை இன்றும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஏழு வயதில்தான் கோவையில் ஒரு குழந்தை வளர்ச்சி மருத்துவரைப் பார்த்தோம். இரண்டு நாள், மொத்தம் நாலு மணி நேரம். ஏடிஹெச்டி என்றார், கவனம் ஒரு இடத்தில் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கிற சிக்கல். கூடவே டிசிடி என்று இன்னொன்றும் சொன்னார். முதலாவதை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். இரண்டாவது, உடம்பின் அசைவுகளைத் திட்டமிட்டு ஒருங்கிணைப்பதில் வரும் சிரமம். தசையில் கோளாறு இல்லை, புத்தியில் குறை இல்லை, ஆனால் கை கால் சொன்ன பேச்சைக் கேட்காது. பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இருக்குமாம். நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏடிஹெச்டி இருப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதுவும் சேர்ந்தே வருகிறது. முன்பெல்லாம் டாக்டர்களே இதற்குத் 'தடுமாறும் குழந்தை' என்ற பொருளில்தான் பேர் வைத்திருந்தார்கள். கனடாவில் ஒரு லண்டன் இருக்கிறது, அங்கே 1994-ல் நிபுணர்கள் கூடித்தான் டிசிடி என்ற பெயரையே புழங்குவது என்று முடிவு செய்தார்கள். நான் படித்த காலத்தில் எங்கள் வாத்தியார் இதற்கு வைத்திருந்த பெயர் சோம்பேறி.

டாக்டர் நிதானமாக நாலைந்து விஷயம் சொன்னார். தெரபி, வகுப்பில் முன் பெஞ்சு, வீட்டில் நாங்கள் நடந்துகொள்ள வேண்டிய முறை, தேவைப்பட்டால் மருந்து. 'மருந்து' என்ற சொல் காதில் விழுந்ததும் மற்றதெல்லாம் எங்களுக்கு அடைத்துப்போனது. "மூளைக்கு மாத்திரையா?" என்று மனைவி வெளியே வந்து அழுதாள். மாத்திரை இல்லாத வழி எதுவானாலும் சரி என்று கிளம்பினோம். அடுத்த இரண்டு வருஷம் அப்படிப் போனது.

முதலில் சர்க்கரையை நிறுத்தினோம். இனிப்புத் தின்றால் பிள்ளைகளுக்கு ஆட்டம் ஏறும் என்பது நம்மூரில் யாரும் சந்தேகப்படாத விஷயம். வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டுக் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரைக்கு மாறினோம். இரண்டும் கரும்புதான், இரண்டும் சர்க்கரைதான் என்பது வேறு விஷயம். மாறியதும் பையன் அமைதியாகிவிட்டதாக நாங்கள் இருவருமே சத்தியம் செய்திருப்போம்.

1994-ல் ஹூவர், மிலிச் என்ற இருவர் ஒரு வேலை செய்தார்கள். 'என் பிள்ளைக்குச் சர்க்கரை ஆகாது' என்று நம்புகிற அம்மாக்களையும் அவர்களுடைய பையன்களையும் வரவழைத்தார்கள். பிள்ளைகள் எல்லோருக்கும் கொடுத்தது சர்க்கரையே இல்லாத இனிப்பு. பாதி அம்மாக்களிடம் மட்டும் "நிறையச் சர்க்கரை போட்டுக் கொடுத்திருக்கிறோம்" என்று பொய் சொன்னார்கள். அந்தப் பாதிப் பேர் தங்கள் பிள்ளை அதிகமாக ஆடுவதாக எழுதிக்கொடுத்தார்கள். அதோடு பிள்ளையை ஒட்டியே நின்று, அதிகமாகக் குறை சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வருஷமே, அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் கூட்டிப் பார்த்து, சர்க்கரைக்கும் பிள்ளைகளின் நடத்தைக்கும் சம்பந்தம் தெரியவில்லை என்று முடிவு வந்தது. பல்லுக்கும் உடம்புக்கும் கெடுதல் என்பது இருக்கட்டும், அது தனிக் கணக்கு.

இதைப் படித்த அன்றுதான், பட்டறையில் லைட் பாக்ஸ் சுவிட்சைத் தட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். டி65. டிஎல்84. டி65.

சாயம் விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் அதிகாரத்தோடு பேச உரிமை உண்டு. ஃபைன்கோல்ட் என்ற அமெரிக்க அலர்ஜி டாக்டர் 1970-களில், சாப்பாட்டில் போடும் செயற்கை நிறங்கள்தான் பிள்ளைகளை ஆட்டிவைக்கின்றன என்று கிளப்பினார். அவர் சொன்ன அளவுக்குப் பிற்பாடு நிரூபணம் ஆகவில்லை. ஆனால் முழுப் பொய்யும் இல்லை. 2007-ல் இங்கிலாந்தின் சௌத்ஹாம்ப்டனில், எந்தப் பிரச்சினையும் இல்லாத சாதாரணப் பிள்ளைகளுக்கே நிறக் கலவையும், கெட்டுப்போகாமல் இருக்கப் போடும் சோடியம் பென்சோவேட்டும் கலந்த பானத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பெற்றோருக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது, எது நிஜம் எது டம்மி என்று. சின்ன அளவில் வித்தியாசம் வந்தது. எல்லாப் பிள்ளைக்கும் அல்ல, எல்லா அளவுகோலிலும் அல்ல. ஐரோப்பாவில் 2010 ஜூலையிலிருந்து அந்தச் சோதனையில் இருந்த ஆறு நிறங்களில் எதைப் போட்டாலும், பிள்ளைகளின் கவனத்தைப் பாதிக்கலாம் என்று டப்பாவில் அச்சடிக்க வேண்டும். அந்த ஆறில் டார்ட்ரஸைன், சன்செட் யெல்லோ, கார்மோய்சின், பான்சோ 4ஆர் நான்கும் நம் நாட்டில் அனுமதி உள்ளவை. கல்யாண வீட்டுக் கேசரியும் நோம்பிக் கடை ஜிலேபியும் வேறு எதில் ஜொலிக்கும்?

இந்த நான்கும் ஏஸோ என்ற வேதியியல் வகையைச் சேர்ந்த சாயங்கள். துணிக்கு 'ஏஸோ ஃப்ரீ' சர்டிபிகேட் இல்லாமல் எங்கள் சரக்கு தூத்துக்குடியைத் தாண்டாது. (நுணுக்கமாகப் பார்த்தால் துணியில் தடை செய்தது எல்லா ஏஸோவையும் அல்ல, உடைந்து சில கெட்ட அமைன்களைக் கக்குகிற ரகத்தை மட்டும்தான். இந்த உணவு நிறங்கள் அந்த ரகம் இல்லை.) 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி இருந்ததென்று தமிழ்நாட்டில் தடை போட்டார்களே, அது அச்சு அசல் துணிச் சாயம். கையில் பட்டால் இரண்டு நாள் போகாது. அதை நாக்கில் வைத்துச் சப்பிய பிள்ளைகளை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. ஆக, வண்ணத் தின்பண்டங்களை நிறுத்தினோம், அதில் வருத்தமே இல்லை. ஆனால் அதனால் என் மகன் ஒரு பக்கம் கூடுதலாக எழுதினானா என்றால், இல்லை.

அப்புறம் மீன் எண்ணெய். மனைவிக்கு அந்த வாசமே ஆகாது, அம்மாவுக்குச் சனிக்கிழமை ஆகாது, புரட்டாசி மாதம் சுத்தமாக ஆகாது. ஆனால் இதில்தான் எனக்குப் புத்தி வந்தது. லேபில் ஷேடு தப்பினால், சாயத்தோடு சேர்க்கும் உப்பையும் சோடாவையும் ஒரே நேரத்தில் மாற்றமாட்டோம். மாற்றினால் எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று தெரியாது. ஒன்றை மாற்று, மற்றதை அப்படியே வை, எழுதி வை. இந்தச் சின்ன ஒழுங்கு மகன் விஷயத்தில் எனக்கு இல்லவே இல்லை.

பக்கத்து வீதியில் ஒரு டீச்சர், மாலையில் ஒரு மணி நேரம் டியூஷன் எடுப்பார். அவரிடம் ஒரு நோட்டுக் கொடுத்து, "அவன் கவனம் வெளியே போய் நீங்கள் பேர் சொல்லிக் கூப்பிடும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போடுங்க டீச்சர், வேறெதுவும் எழுத வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டேன். எதற்கென்று சொல்லவில்லை. எட்டு வாரம் எதுவும் கொடுக்காமல். அடுத்த பன்னிரண்டு வாரம் மீன் எண்ணெயோடு. வீட்டில் நானும் தனியாக ஒரு நோட்டில் தினமும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு வந்தேன்.

என் நோட்டில் மூன்றே வாரத்தில் ஐந்திலிருந்து எட்டுக்கு ஏறிவிட்டான். டீச்சர் நோட்டில் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாகப் பதினான்கு கோடு இருந்தது பதின்மூன்று ஆனது.

ஒரே பையன், இரண்டு வெளிச்சம். என்னுடையது ஆசை வெளிச்சம், பாட்டிலுக்கு ஆயிரத்துச் சொச்சம் கொடுத்தவனுடைய வெளிச்சம்.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் டர்ஹமில் டிசிடி உள்ள 117 பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து 2005-ல் எழுதியிருக்கிறார்கள். மூன்று மாதத்தில் வாசிப்பு, எழுத்துக்கூட்டல், நடத்தை இவற்றில் முன்னேற்றம் இருந்தது. கை கால் ஒருங்கிணைப்பில் ஒன்றும் இல்லை. பின்னாளில் வேறு பிள்ளைகளிடம் செய்த பெரிய சோதனையில், வாசிப்பு முன்னேற்றமும் திரும்பக் கிடைக்கவில்லை. மீன் எண்ணெய் விஷமில்லை, கொடுப்பவர்கள் கொடுக்கலாம். எங்கள் வீட்டில் அந்தக் கடைசி பாட்டிலைப் பூனை சாப்பிட்டது.

நோட்டு மட்டும் தொடர்ந்தது. அடுத்த வருஷம் டீச்சர் வீட்டில் ஏதோ விசேஷம் என்று இரண்டு வாரம் டியூஷனைக் காலை ஆறரைக்கு மாற்றினார். கோடு எட்டுக்கு இறங்கியது. எந்தத் தெரபியும் இல்லை, எந்த எண்ணெயும் இல்லை. சாயந்திரம் ஒன்றேகால் மணி நேரம் வேனில் குலுங்கி வந்து இறங்குகிற பையனைத்தான் நாங்கள் அத்தனை நாள் உட்காரவைத்து அளந்திருக்கிறோம். டியூஷனை நிரந்தரமாகக் காலைக்கு மாற்றினோம். செலவு, டீச்சருக்குக் கூடுதலாக ஒரு காபி.

நடுவில் வந்த இரண்டு கூத்துகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, மச்சான் காசு கட்டிச் சேர்த்துவிட்ட நடுமூளைப் பயிற்சி. கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் நிறம் சொல்வார்கள், புத்தகம் வாசிப்பார்கள். மூக்கோரத்து இடுக்கு வழியாகப் பார்ப்பதுதான் சூட்சுமம் என்பதைப் பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் போன்றவர்கள் அம்பலப்படுத்தியிருக்கிறார்கள். என் மகனுக்கு அந்த இடுக்கில் எட்டிப் பார்க்கும் பொறுமைகூட இல்லை. கட்டை அவிழ்த்துவிட்டு, "நீலம்" என்றான். மானம் போனது மச்சானுக்கு.

இன்னொன்று, தலையில் வயர் மாட்டி, மூளை அலையைத் திரையில் பார்த்தே பழக்குகிற நியூரோஃபீட்பேக். நாற்பது தடவைக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொன்னார்கள். கம்ப்யூட்டர், கிராஃப் என்றதும் நான் மயங்கிவிட்டேன், மனைவிதான் பத்தோடு நிறுத்தினாள். நல்ல வேளை. 2021-ல் வெளியான ஒரு கவனமான ஆய்வில் நிஜப் பயிற்சி பெற்ற பிள்ளைகளும் முன்னேறினார்கள், டம்மி பெற்றவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு முன்னேறினார்கள். வாரத்துக்கு மூன்று நாள் ஒரு பெரியவர் பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்து "சபாஷ்" சொன்னால் எந்தப் பிள்ளைதான் முன்னேறாது?

பணம் பிடுங்குபவர்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியும் சொல்ல முடியவில்லை. இங்கிலாந்தில் வின்ஃபோர்ட் டோர் என்ற தொழிலதிபர், வாசிக்கச் சிரமப்பட்ட தன் மகளுக்காகத் தேடி அலைந்து, சிறுமூளையைத் தூண்டுவதாகச் சொல்லிச் சமநிலைப் பயிற்சித் திட்டம் ஒன்றை நாடு நாடாகக் கொண்டுபோனார். ஆராய்ச்சியாளர்கள் ஆதாரம் போதாது என்று கத்தினார்கள். 2008-ல் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அந்த நிறுவனம் நொடித்து, முன்பணம் கட்டிய பெற்றோர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். ஆரம்பித்தவரும் ஒரு அப்பாதான், மகள் மேல் இருந்த ஆசையில் ஆரம்பித்தவர். அதுதான் எனக்குப் பயம்.

ஊஞ்சல் தெரபியைப் பற்றி எழுதாவிட்டால் கோவைக்கு விட்ட பஸ் காசுக்கு மரியாதை இல்லை. ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்கத் தெரபிஸ்ட் வகுத்த வழி. புலன்கள் வழியாக வருவதை மூளை சரியாகக் கோத்துக்கொள்ளாததுதான் சிக்கல், ஊஞ்சல், பந்துக் குளம், தோலில் பிரஷ் என்று கொடுத்தால் கோத்துக்கொள்ளும் என்பது கணக்கு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-ல், கொடுக்கலாம், ஆனால் ஆதாரம் குறைவு என்று பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள் என்று அறிக்கை விட்டது. எங்களிடம் யாரும் சொல்லவில்லை. ஊத்துக்குளியிலிருந்து வாரம் இரண்டு தடவை, போகவர நாலு மணி நேரம், மாதம் எட்டாயிரம். மகனுக்கு அந்த இடம் சொர்க்கம். ஒரு வருஷத்தில் ஊஞ்சலில் நிற்கக் கற்றுக்கொண்டான். பட்டன் போடவில்லை. ஊஞ்சலில் நின்றால் பட்டன் எப்படி வரும் என்று ஒரு தடவை கேட்டேன். "அடித்தளம் போடறோம் சார்" என்றார்கள்.

கடைசியில் பழைய டாக்டரிடமே போனோம். அவர் திட்டவில்லை. ஒரு ஜூன் மாதம் மாத்திரை ஆரம்பித்தோம். மெத்தில்ஃபெனிடேட். சுவிட்சர்லாந்தில் பனிட்சோன் என்ற கெமிஸ்ட் 1944-ல் செய்த பொருள், அவர் மனைவியின் செல்லப்பெயரான ரீட்டாவிலிருந்துதான் ரிட்டலின் என்ற பேரே வந்தது. போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருவதால் எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது, சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள். 1999-ல் 579 பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் செய்த சோதனையில், பதினான்கு மாத முடிவில் கவனத்துக்கும் ஆட்டத்துக்கும் கவனமாகக் கொடுத்த மருந்துதான் முந்தி நின்றது. மூன்றாவது வருஷம் பார்த்தபோது அந்த முந்தல் கரைந்துபோயிருந்தது என்பதையும் டாக்டரே சொன்னார். பலன் தெரிகிறதா என்று பார்க்க அவர் யோசனைப்படி ஒரு வாரம் நிறுத்தினோம், பள்ளிக்குச் சொல்லாமல். புதன்கிழமையே வகுப்பு டீச்சர் போன் செய்தார், "இந்த வாரம் தம்பிக்கு உடம்பு சரியில்லைங்களா?" என்று. நாங்கள் சொல்லாமல் வந்த முதல் சாட்சி அதுதான்.

ஆனால் டிபன் பாக்ஸ் திரும்பி வர ஆரம்பித்தது, திறக்காமல், முழுசாக. பசி குறையும் என்று மாத்திரைச் சீட்டிலேயே போட்டிருக்கிறது. ஒன்றரைக் கிலோ இறங்கினான். அம்மா தினமும் என்னைத் திட்டினார். "பச்சப் புள்ளைக்கு வெசத்தக் குடுத்து வயித்தக் காயப்போடறயே." டாக்டர் அளவைக் குறைத்தார். அப்போதும் டிபன் அப்படியே வந்தது. நிறுத்திவிடலாம் என்று முடிவே செய்துவிட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் புதுத் தெரபிஸ்ட் ஒருவர் அமைந்தார். சின்ன வயசுப் பெண். அவர் அறையில் ஊஞ்சல் இல்லை, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மகனிடம் ஒரே கேள்வி கேட்டிருக்கிறார். "உனக்கு என்ன செய்யக் கத்துக்கணும்?"

இரண்டு சொன்னானாம். ஒன்று சைக்கிள். இன்னொன்று, "டிபன் பாக்ஸ் தொறக்கணும்."

ஜூன் மாதம் மாத்திரை ஆரம்பித்த அதே வாரம், புது வகுப்புக்கென்று நான் புது டிபன் பாக்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தேன். நாலு பக்கமும் கிளிப் போட்டு இறுக்குகிற ரகம், குழம்பு ஒழுகாது என்று பெருமையாக. அவன் விரலுக்கு அந்தக் கிளிப் வரவில்லை. யாரிடமாவது திறக்கக் கொடுக்க வெட்கம். இரண்டரை மாதம் மத்தியானம் தண்ணீர் குடித்துவிட்டு இருந்திருக்கிறான். கேட்டால் பசியில்லை என்பான், நாங்களும் மாத்திரை என்று எழுதிக்கொள்வோம். உப்பையும் சோடாவையும் ஒன்றாக மாற்றக் கூடாது என்று புதுப் பையன்களுக்குப் பாடம் எடுக்கிறவன் நான்.

அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. நான்கு வருஷமாக அவனை யார் யாரிடமோ காட்டியிருக்கிறோம். அவனைக் கேட்டதில்லை.

அடுத்த நாள் அம்மாவின் பழைய தூக்குப்போசி போனது, காலியாகத் திரும்பி வந்தது. அந்த மாதத்திலேயே எடை ஏறியது. மாத்திரை பசியைக் குறைக்கவே இல்லை என்று சொல்லவில்லை, கொஞ்சம் குறைத்தது, இன்றும் குறைக்கிறது. ஆனால் பழி முழுவதும் அதன் மேல் விழுந்திருந்தது.

இந்தத் தெரபிஸ்ட்டின் முறைக்கும் கனடாதான் பூர்வீகம். சுற்றி வளைப்பதில்லை. பட்டன் வரவேண்டுமா, பட்டனையே பழகு. எது வேண்டுமென்று பிள்ளை சொல்ல வேண்டும், எப்படிச் செய்யலாம் என்று அவனே திட்டம் போட வேண்டும், செய்து பார்த்து, எங்கே தப்பியது என்று அவனே கண்டுபிடிக்க வேண்டும். பெரியவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம். டிசிடிக்கு ஆதாரம் நன்றாக இருப்பது இப்படி நேரடியாகச் செயலையே பழகும் வழிகளுக்குத்தான். கிளிப் டப்பா எட்டு நாளில் வந்துவிட்டது. கட்டைவிரலால் தள்ளாமல் டப்பாவை நெஞ்சோடு அணைத்து உள்ளங்கையால் அழுத்த வேண்டும் என்று கண்டுபிடித்தது அவன்.

சைக்கிளுக்கு ஒரு முழுப் பரீட்சை லீவு போனது. முதலில் பெடல் இரண்டையும் கழற்றச் சொன்னார். இடது பெடலுக்கு மறை தலைகீழாக இருக்கும் என்பதை மறந்துவிட்டுக் கால் மணி நேரம் ஸ்பேனரோடு மல்லாடினேன். "அப்பா, அந்தப் பக்கமா சுத்திப் பாருங்க" என்றான். சீட்டை இறக்கி இரண்டு காலும் தரையில் படும்படி வைத்தோம். சென்னிமலைப் பக்கத்துத் தோட்டத்தில் களத்திலிருந்து சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) இறங்கும் இட்டேரிப் பாதையில் லேசான சரிவு உண்டு, இரண்டு பக்கமும் கிளுவை வேலி. அதில் காலால் தள்ளித் தள்ளி உருண்டான். வேலியில் விழுந்து கீறிக்கொண்டான். ஒவ்வொரு தடவையும் நான் கேட்க அனுமதி இருந்தது ஒரே கேள்விக்குத்தான்: "என்ன ஆச்சு?" முதல் வாரம் "தெரியல" என்றான். இரண்டாவது வாரம் "கீழ பாத்தேன்" என்றான். மூன்றாவது வாரம் ஒரு காலைத் தூக்கினான், அப்புறம் இரண்டையும். பெடலை மாட்டியது இருபத்தேழாம் நாள். அம்மா சாளை வாசலில் நின்றுகொண்டு, "பாத்துச் சாமி, பாத்துச் சாமி" என்று கத்திக்கொண்டே இருந்தார். அவன் பார்க்கவில்லை, போய்விட்டான். பிரேக் பிடிக்கச் சொல்லித்தர நாங்கள் மறந்திருந்தோம். எருமைக் கட்டுத்தரையில் போய் நின்றான்.

எழுத்து இன்னும் ஈசல்தான். பந்து இன்னும் நெஞ்சில்தான் படுகிறது. ஷூ லேஸுக்குப் பதில் ஒட்டுகிற பட்டை. நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் போட்டால் மூன்றே மாதத்தில் வழிக்கு வந்துவிடுவான் என்று சொல்கிற ஒறம்பரை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்களை மாதிரிக் காசைக் கரைத்த பிறகு தெரிந்துகொள்ளாதீர்கள் என்பதற்காக ஒன்று: 2013-ல் வந்த மத்திய அரசின் ஆர்பிஎஸ்கே என்ற, பிறந்ததிலிருந்து பதினெட்டு வயது வரைக்குமான பிள்ளைகள் நலத் திட்டத்தில் பரிசோதிக்க வேண்டிய முப்பது குறைகளில் ஏடிஹெச்டியும் உண்டு. அதற்கென்று அரசு மருத்துவமனைகளில் மாவட்ட அளவில் டிஇஐசி என்று, குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கிற ஒரு மையம் இருக்கிறது. முதல் நடையை அங்கே வையுங்கள். மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் மட்டும் ஏடிஹெச்டிக்குத் தனி இடம் கிடையாது. அதனால் சான்றிதழ், பரீட்சையில் கூடுதல் நேரம் என்று போகும்போது வேறு அலைச்சல் இருக்கிறது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

போன வாரம் மச்சான் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். ஒட்டகப் பால். தினமும் ஒரு டம்ளர் குடித்தால் கவனம், கை கால் பலம் எல்லாம் வருமாம். கோவைப் பக்கமே கிடைக்கிறதாம். நான் இரண்டு தடவை பார்த்தேன். லிட்டர் என்ன விலை என்று கேட்கலாமா வேண்டாமா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்ததை மனைவி கவனித்துவிட்டாள்.

"வாங்கறதா இருந்தா வாங்குங்க," என்றாள். "டியூஷன் டீச்சர்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க."